எடுத்த இடத்தில் பால்

லோகநாயகிக்கு வாய் பெரிது என்று வடமேட்டுக்குப்பத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் காதில் விழும்படி சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். யார் வீட்டில் நேற்று உலை வைக்கவில்லை, எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், பழவேற்காடு மார்க்கெட்டில் எவள் அழுகின இறாலை ஐஸுக்கு அடியில் தள்ளி விற்றாள், எல்லாம் அவளிடம் வந்து சேரும். வந்து சேர்ந்தது சூடு ஆறுவதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியும் போய்விடும். அப்படிப்பட்டவள் வயிற்றில் ஒரே ஒரு சங்கதி மட்டும் அசையாமல் கிடந்தது. அதில்தான் ஆள் பாதியாக இளைத்துப் போனாள். கேட்டவர்களிடம் சர்க்கரை என்று சொன்னாள்.

ஊருக்கு அவள் கொடுத்த கதை சின்னது. பக்கத்து வீட்டு கீதாவின் மகன் ரஞ்சித்குமார், பத்தொன்பது வயசு, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு சாயங்காலம் இடிந்த ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் ஏரியில் விழுந்து மூழ்கிவிட்டான். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகிய பிள்ளை அங்கே எப்படி மூழ்குவான் என்று கேட்டவர்களுக்கு, "வலிப்பு வந்திருக்கும்" என்று ஊர்த்தலைவர் மாசிலாமணி பதில் தயாராக வைத்திருந்தார். ரஞ்சித்துக்கு வலிப்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது, அவனைப் பெற்றவளையும் சேர்த்து.

நடந்தது வேறு. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொடுக்க ஆள் இல்லாமல் தன் மகன் தீனாவைத் தேடிப் போன லோகநாயகி, கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரையும் கண்டாள். ரஞ்சித் மல்லாந்து கிடந்தான். நாவற்பழம் தின்றவன் போல உதடு. தொண்டைக்குள்ளிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு. தீனா படகில் தண்ணீர் இறைக்கும் டப்பாவால் ஏரியை மொண்டு மொண்டு அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கால் நிலைகொள்ளவில்லை. மணலில் காலி மாத்திரை அட்டைகள்.

"யம்மா, எந்திரிக்க மாட்றான்மா," என்றான். நாக்கு வாய்க்குள்ளேயே புரண்டது.

லோகநாயகி முதலில் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அப்புறம் அட்டைகளைப் பொறுக்கி இடுப்பில் செருகினாள். "நீ இங்க வரவே இல்ல. கேக்குதா? வூட்டாண்ட போய்ப் போர்த்திகினு படு. எவன் கேட்டாலும் ஜொரம்."

அவன் கண்ணில் மறைகிறவரை பார்த்துவிட்டுத்தான் கத்தினாள். "ஐயையோ! கீதா மவன் தண்ணில உழுந்துட்டான்! ஓடியாங்களேன்!"

ஓடி வந்தார்கள். தலை ஈரம், சட்டை ஈரம். சொன்னவள் பெரிய மனுஷி. மூழ்கினவனைக் கரையேற்றினால் இந்தக் குப்பத்தில் செய்வது ஒன்றுதான். டீசல் டிரம்மைப் படுக்கப்போட்டு, ஆளை அதன்மேல் குப்புறக் கவிழ்த்து, காலைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுவார்கள், குடித்த தண்ணீரெல்லாம் வாய்வழியே கொட்டும் வரைக்கும். ரஞ்சித்தையும் உருட்டினார்கள். ஆள் மாற்றி ஆள் உருட்டினார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட வரவில்லை. அந்தக் குறட்டை எப்போது நின்றது என்று லோகநாயகிக்குத் தெரியும். உருட்டின ஆம்பிளைகளின் இரைச்சலில் மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது.

அப்போதுதான் ரஞ்சித்தின் பேன்ட் பையில் போன் அடித்தது. முழுசாக, பாட்டோடு. மார்க்கெட்டில் கூடையோடு நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துவரச் சொல்ல மகனைக் கூப்பிட்ட கீதா அது. யாரோ எடுத்து, யாரோ சொன்னார்கள்.

போஸ்ட்மார்ட்டம் என்று அறுப்பார்கள், போலீஸ் வரும், பேப்பரில் வரும் என்று மாசிலாமணி அவசரப்படுத்தி, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் காரியத்தை முடித்துவிட்டார். அவருக்கு அவர் கவலை. மகள் வைஷ்ணவியைப் பெண் பார்க்க வேறொரு குப்பத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாத்திரை போடுகிற பையன்கள் உள்ள ஊரென்று பெயர் வந்தால் எவன் வருவான்? மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அந்த அட்டைகள் வந்துகொண்டிருப்பதைத் தலைவர் அறியாதவர் அல்ல. போன வருஷம் பக்கத்துக் குப்பத்தில் ஒருவன் 'மாரடைப்பில்' போனான். வயது இருபத்தொன்று. அங்கேயும் ஒரு தலைவர் இருந்தார்.

மூன்றாம் நாள்தான் சிக்கல்.

ஏரி ஒரு உயிரை எடுத்துக்கொண்டால், எடுத்த இடத்தில் பெற்றவள் பாலை ஊற்றி, "போதும் தாயே, இத்தோட போதும்" என்று சொல்லவேண்டும். அது வரை வடமேட்டுக்குப்பத்தில் ஒரு வலை நனையாது. சொல்லாமல் வலை இறக்கினால் இன்னொன்றை எடுக்கும். இது கங்கையம்மனுக்கும் குப்பத்துக்கும் உள்ள பேச்சு. எவ்வளவு அழுதாலும் எப்படியும் மூன்றாம் நாள் பெற்றவளைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள்.

மாசிலாமணியின் மனைவி பால் சொம்பைக் கையில் கொடுத்தாள். கீதா வாங்கித் தரையில் வைத்தாள்.

"நான் எதுக்கு ஊத்தணும்?"

"இன்னாமே இது, சம்பிரதாயம்..."

"என் புள்ளைய தண்ணி எடுக்கல. அந்த போனு பொன்னேரில செகண்டாண்டா வாங்கினது. மழச்சாரல் பட்டாலே செத்துப் பூடும். தண்ணிக்குள்ள கெடந்தவன் பையில எப்பிடி அடிச்சுது? உருட்டினீங்களே, தண்ணி வந்துதா? ஒரு சொட்டு வந்துதுன்னு எவனாவது சொல்லட்டும்."

உருட்டினவர்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

"பாவம், புத்தி பேதலிச்சிப் போச்சி," என்று லோகநாயகிதான் முதலில் சொன்னாள். உச்சுக்கொட்டியும் வைத்தாள். அது போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கீதாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது குப்பத்தில் முடிவான விஷயமாகிவிட்டது.

ஆனால் பைத்தியம் பால் ஊற்றவில்லை. மழை ஓய்ந்து இறால் கூட்டம் கூட்டமாக முகத்துவாரம் நோக்கி நகர்கிற நேரம். அக்கம்பக்கத்துக் குப்பத்துப் படகுகள் வடமேட்டுக்காரர்கள் கண்ணெதிரிலேயே வலை போட்டு, கண்ணெதிரிலேயே அள்ளிக்கொண்டு போயின. அள்ளினவர்கள் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்கள். இங்கே வலைகள் கொடியில் காய்ந்தன. சும்மா இருக்கிற ஆம்பிளைகளுக்குக் கோபம் தவிர வேறு தொழில் ஏது? தலைவர்மேல் காட்ட முடியாது. அம்மன்மேல் காட்ட முடியாது. கீதா இருந்தாள்.

குழாயடியில் அவள் குடத்தைப் பின்னால் நகர்த்தினார்கள், அப்புறம் வரிசையை விட்டே நகர்த்தினார்கள். கடைக்காரன் பால் மட்டும் தருவேன் என்றான். அவனுக்குத் தன் ஹாஸ்யத்தில் ஒரு பெருமை. வாசலில் மீன் செதிலைக் கொட்டினார்கள். ஒவ்வொன்றையும் தன் வீட்டு ஜன்னல் வழியே லோகநாயகி பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கீதா ராத்திரி இருமினால் இந்தப் பக்கம் தேசப்பனுக்கு, அதாவது லோகநாயகியின் புருஷனுக்கு, விழிப்பு வந்துவிடும்.

"மாத்திர விசயம் மெய்தானாமே?" என்று ஒருநாள் தேசப்பன் கேட்டான்.

"உனக்கு எவன் சொன்னான்?"

"ஊரே பேசுது."

"ஊரு பேசுறதெல்லாம் நம்பினா நான் எதுக்கு இருக்கேன்?"

ரொம்ப நியாயமான கேள்வி. உள்ளே தீனா போர்வைக்குள் படுத்திருந்தான். அந்த ஜுரம் இன்னும் விடவில்லை என்பதாக வைத்திருந்தார்கள். பகலில் தூங்குகிறான், சாப்பாட்டுத் தட்டின்மேல் தலை தொங்குகிறது, முழங்கையைச் சொறிகிறான். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் கண்ணையும் பார்த்தே கதை சொல்லிவிடுகிற லோகநாயகி, அவன் கண்ணை மட்டும் பார்க்காமல் தட்டை எடுத்துக் கழுவினாள்.

கடைசியில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள்.

"தோ பார் கீதா," என்றார் மாசிலாமணி. "உன் ஒருத்தியால ஊரே பட்டினி. இன்னிக்குப் பால ஊத்து. இல்லாங்காட்டி இந்த வருசம் பாட்டுச் சீட்டுல உன் வூடு கெடையாது." ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று குலுக்கிப் போடுகிற சீட்டு அது. அதில் இல்லையென்றால் ஏரியில் இல்லை.

"ஊத்துறேன்," என்றாள் கீதா.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"என் புள்ள தண்ணில உழுந்தத பாத்தது ஒரே ஆளு. அவங்க அம்மன் முன்னால கற்பூரம் அடிச்சி சொல்லட்டும். நான் இப்பவே போய் ஊத்துறேன். யக்கா, வா. உன் தீனா மேல சத்தியமா சொல்லு."

எல்லாத் தலைகளும் லோகநாயகி பக்கம் திரும்பின. தன்னை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று ஆயுசு முழுக்க ஆசைப்பட்டவள் அவள். தட்டில் கற்பூரம் எரிந்தது. இரண்டு எட்டு வைத்தாள். கை நீட்டினாள். தீனா என்று சொல்ல வாயெடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் வூட்டுக்குத் தூரமா கீறேன். கோயில்ல எப்பிடித் தொடறது?"

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? லோகநாயகிக்குக் கர்ப்பப்பை எடுத்து நாலு வருஷமாகிறது. அந்த ஆபரேஷன் கதையைத் தையல் தையலாகப் பிரித்துக் குப்பம் முழுக்கச் சொன்னதே அவள்தான்.

கீதா சிரிக்கவில்லை. லோகநாயகியையே ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி லோகநாயகி," என்றாள். அதுவரை யக்காதான், இருபது வருஷமாக யக்காதான். தட்டிலிருந்த கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம், கரையிலிருந்து சத்தம் வந்தது.

"தீனாடா! தண்ணியாண்ட கெடக்கறான்டா!"

லோகநாயகி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடிதட்டு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் பாதிக் குப்பம் அங்கே இருந்தது. கவிழ்த்துப்போட்ட படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்திருக்கிறான். ஏறி வந்த தண்ணீர் அவனை இடுப்புவரை நனைத்திருந்தது. மூக்குவரை வந்திருக்கவில்லை. அதை யார் கவனிப்பது? பால் ஊற்றாத ஏரி இன்னொன்றை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

"சொன்னோமே, கேட்டாளா அந்தப் பாவி!" என்று ஒருத்தி கீதா வீட்டைப் பார்த்து மண்ணை வாரி இறைத்தாள்.

"டிரம்ம எடுடா!"

அதே டிரம். நாலு பேர் தீனாவைத் தூக்கிக் குப்புறப் போட்டார்கள். தலை தொங்கியது. உதடு நாவற்பழம். லோகநாயகிக்குக் கேட்டது. அந்தக் குறட்டை. விட்டு, விட்டு.

காலைப் பிடித்து முதல் உருட்டு உருட்டினார்கள்.

"உருட்டாதீங்கடா!"

"யக்கா, தள்ளு யக்கா, தண்ணி வெளிய வரணும்..."

"தண்ணி இல்லடா! வராதுடா! அவன் முழுவல!" பக்கத்தில் இருந்தவன் கையைக் கடித்தாள். உண்மையாகவே பல் பதியக் கடித்தாள். "மாத்திர! மாத்திர போட்டுகினான்! கீழ எறக்குங்கடா!"

மாசிலாமணி பாய்ந்து வந்தார். "ஏய், இன்னா உளர்ற? வாய மூடு. ஜனங்க கேக்கறாங்க."

"கேக்கட்டும்!"

"நாளைக்கு வைஷ்ணவிய பாக்க வர்றாங்கமே..."

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் புள்ளைய உருட்டிக் கொல்வியா? எட்டப் போய்யா!"

தீனாவை மணலில் இறக்கினார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூழ்கினவனுக்கு டிரம். இதற்கு? சுற்றி நின்று பார்த்தார்கள். லோகநாயகி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை பேரைப் பற்றியும் ஆளுக்கொரு கதை அவளுக்குத் தெரியும், அதில் ஒன்றுகூட இப்போது உதவாது.

கூட்டம் விலகியது. கீதா வந்து நின்றாள். கையில் ரஞ்சித்தின் போன். நூற்றியெட்டைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல், எந்த ஊர், எந்த வழி என்று கேட்டது. கீதா சொன்னாள்.

"என்ன சாப்பிட்டிருக்காருன்னு தெரியுமாங்க?"

கீதா போனை லோகநாயகியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லு."

"வலி மாத்திர..."

"பேரு தெரியுமாம்மா? அட்டை ஏதாவது இருக்கா?"

லோகநாயகி பெயரைச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படித்தவள் சொல்வது போல, இழுத்து இழுத்து, முழுப் பெயரையும் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நாக்கு அடைக்காமல் பாருங்கள், மூச்சு நின்றால் உடனே சொல்லுங்கள், லைனிலேயே இருங்கள் என்றது குரல். தேசப்பனும் அவளுமாக மகனைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

கீதா குனியவில்லை. உதவவில்லை. போனை மட்டும் நீட்டிப் பிடித்தபடி நின்றாள்.

"பேரு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

லோகநாயகி மகனின் தாடையைப் பிடித்திருந்தாள். நிமிரவில்லை.

"இன்னிக்கு அவங்கிட்ட அட்ட கூட இல்லியே. உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கும் இதான்."

"அன்னிக்குன்னா?"

"உம்மவன் கெடந்தப்போ. நான் போவசொல்ல அவனுக்கு மூச்சு இருந்துது."

"எப்பிடி?"

"இதோ, இவன் உடறானே. இந்த மாதிரி."

தீனாவின் குறட்டையைக் குப்பம் முழுக்க நின்று கேட்டது. கீதாவும் கேட்டாள். அது நின்றுவிடுமோ என்று கேட்கிறவளின் முகம் இல்லை அது. தன் பிள்ளையின் கடைசிச் சத்தம் எப்படி இருந்தது என்பதை அப்போதுதான் அவள் தெரிந்துகொள்கிறாள். ஆம்புலன்ஸ் வரும்வரை போனை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள். அதற்கு நன்றி சொல்ல லோகநாயகிக்கு வாய் வரவில்லை. அதை எதிர்பார்த்துக் கீதாவும் நிற்கவில்லை.

பொன்னேரியில் ஊசி போட்டார்கள். என்ன மாத்திரை என்று தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை என்று டாக்டர் சொன்னார். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். லோகநாயகி ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டதன் காரணம் அவருக்குப் புரியவில்லை. அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். தீனா பிழைத்தான்.

உண்மை தெரிந்ததும் வடமேட்டுக்குப்பம் திருந்திவிட்டது என்று சொன்னால், அந்த ஊரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். உண்மை அங்கே வேறு விதத்தில் உபயோகப்பட்டது. ஏரி யாரையும் எடுக்கவில்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே! அப்படியானால் பால் எதற்கு? மறுநாள் காலையிலேயே அத்தனை வலைகளும் நனைந்தன. இறாலும் மோசமில்லை. "எங்களுக்கு இன்னா தெரியும், அவ சொன்னா, நாங்க உருட்டினோம்," என்றார்கள் உருட்டினவர்கள். "ஊரையே ஏமாத்திட்டாமே அந்தப் பொம்பள," என்றார் மாசிலாமணி, வலிப்பைக் கண்டுபிடித்தவர். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதுவும் லோகநாயகி கணக்கில் ஏறியது. கீதாவின் குடம் குழாயடியில் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தை நகர்த்தி வைத்ததே பெரிய மனசு என்று நினைத்தார்கள்.

தீனாவைக் கூட்டிக்கொண்டு லோகநாயகி ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு சாயங்காலம். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. யார் வந்தாலும் ஓடிப்போய் முன்னால் நிற்பவள், இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு மகனின் தோளைப் பிடித்து நடத்தி வந்தாள். தேசப்பன் பையோடு பின்னால் வந்தான்.

லோகநாயகி வீட்டு வாசலில் கீதா நின்றிருந்தாள். இடுப்பில் அந்தப் பால் சொம்பு.

தீனா அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "யத்த," என்றான். சின்ன வயதில் பாதிச் சோறு அவள் வீட்டில்தான் தின்றான். அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. உயிரோடு நிற்கிற ஒரு பையன் எப்படி இருப்பான் என்று பார்ப்பது போலப் பார்த்தாள். அப்புறம் அவன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"பால எங்க ஊத்தணும்னு அத்தினி பேரும் கேட்டீங்க."

லோகநாயகி வாய் திறந்தாள்.

"எடுத்த எடத்துலதான ஊத்தணும்?"

கீதா சொம்பைச் சாய்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், நிலைப்படி முழுக்க, நிதானமாக ஊற்றினாள். ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்து உதறினாள். பால் படியிலிருந்து வழிந்து லோகநாயகியின் செருப்பு வரைக்கும் வந்தது.

அதன்பிறகு பெற்றவள் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. குப்பம் முழுக்க அதற்காகக் காத்திருந்தது. லோகநாயகியும் காத்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

கீதா காலி சொம்போடு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

போதும் என்று அவள் சொல்லவில்லை. லோகநாயகி மகனின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் படியைத் தாண்டி அவனை எப்படி உள்ளே கூட்டிப்போவது என்று தெரியாமல், தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னா யக்கா," என்றது ஒரு குரல், அக்கறையாக, "இன்னா ஊத்திட்டுப் போறா?"